ஒரு ஃபிரெட் மேலே

ஒரு மனிதரைக் கள்ளன் என்று திட்டியதில்தான் இது தொடங்கியது. திட்டு வாங்கியவர் ஒரு பாவமும் அறியாதவர்.

கொழும்பில், ஒருகொடவத்தையில், கொன்டெய்னர் யார்டுகளுக்குப் பின்னால் ஒரு கிடங்கு இருக்கிறது. ஜப்பானில் வீடு காலி செய்பவர்களின் பழைய சாமான்கள் அங்கே வந்து இறங்கும். சைக்கிள், தையல் மெஷின், மேசை விளக்கு இவற்றுக்கு நடுவே சில சமயம் கிற்றார்களும் வரும். எனக்கு வேண்டியது பேஸ் கிற்றார். நாலு தடித்த கம்பி, நீண்ட கழுத்து, பாட்டுக்கு அடியில் நின்று உறுமுகிற சாமான். அப்போது என்னிடம் ஏழு இருந்தன. வெள்ளவத்தையில் இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில் ஏழு பேஸை எங்கே வைப்பது? மூன்று சுவரில், ஒன்று அலமாரிக்கு மேல், மிச்சம் கட்டிலுக்குக் கீழ். தன் பெட்டிகளை வைக்க ஒரு சுவராவது தரும்படி மனைவி வருடக்கணக்காக மனுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கிடங்குக்காரர் முஸ்லிம், என்னைவிட மூத்தவர். அண்ணன் என்ற முறையில் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். பேஸ் ஏதாவது வந்தால் முதலில் எனக்குத்தான் போன் அடிப்பார். அன்று வந்திருந்தது தேன் நிறம். தூக்கித் தோளில் மாட்டியதுமே மனம் போய்விட்டது. ஆனாலும் வாங்குமுன் நான் ஒரு சோதனை செய்வேன். கம்பியை வெறுமனே தட்டுவேன். பிறகு அதே கம்பியைச் சரி பாதியில் அழுத்தித் தட்டுவேன். இரண்டும் ஒரே ஸ்வரம், ஒன்று மேலே ஒன்று கீழே என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கழுத்து வளைந்திருக்கிறது என்று அர்த்தம். மின்சாரம் இல்லாமல் பேஸ் முனகத்தான் செய்யும் என்பதால் குனிந்து இடது காதை மரத்தோடு ஒட்டவைத்துக் கேட்டேன். மேல் ஸ்வரம் சுருதி விலகிப் புளித்துக் கிடந்தது.

"கழுத்து வளைஞ்சு போச்சு நானா."

"அப்பிடி இல்லியே. நேத்தும் ஒருத்தர் வாசிச்சிப் பாத்தாரு. ஒரு கொறையும் செல்லல்ல."

"அவருக்குக் காது இல்லையாக்கும். என்ர காதில பூச்சுத்தப் பாக்காதீங்க."

எனக்கு முன்கோபம். அதை மறைத்து எழுதிப் பயனில்லை. போன முறை தந்ததும் இப்படித்தான் இருந்தது, தெரிந்துகொண்டே என் தலையில் கட்டினீர்கள் என்று, சாமான் இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். கள்ள வியாபாரம் என்ற சொல்லும் வாயிலிருந்து வந்தது. அவர் பேஸை என் கையிலிருந்து வாங்கி, துணியால் துடைத்து, பழையபடி சுவரில் சாய்த்தார்.

"வாணாண்டா விடுங்க. ஏன் ஏசுற," என்றார்.

வீட்டுக்கு வந்து, சுவரில் இருந்ததில் எனக்கு மிகவும் பிடித்த பேஸை எடுத்து அதே சோதனையைச் செய்தேன். அதுவும் புளித்தது. அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. கட்டிலுக்குக் கீழே புகுந்து மற்றவற்றையும் இழுத்தேன். ஏழு கழுத்தும் வளைந்திருந்தன. ஏழும் ஒன்றாக வளையாது என்று விளங்க எனக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. எல்லாப் பெட்டியும் திறந்து கிடந்த அறையின் நடுவில் இருந்துகொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் மாதா கோயில் பாடகர் குழுவில் இருப்பவள். நல்ல காது. நான் தட்டிய இரண்டு ஸ்வரங்களையும் அவள் ஒன்றன்பின் ஒன்றாக முனகிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்டுதானே. உங்களுக்கென்ன விசரா?"

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அருகே வந்து, உள்ளங்கையால் என் இடது காதை அழுத்திப் பொத்தினாள். தட்டினேன். சரியாக இருந்தது. கையை எடுத்து வலது காதைப் பொத்தினாள். தட்டினேன். புளிப்பு.

களுபோவில ஆஸ்பத்திரியில் என்னை ஒரு சின்னக் கூண்டுக்குள் இருத்தி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமத்தச் சொன்னார்கள். இடது காதுக்கு வந்தபோது வெகு நேரம் பட்டனை அமத்தாமல் இருந்தேன். வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்ற மனைவியின் முகம் மாறியதிலிருந்துதான் சத்தம் வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. டாக்டர் இளம் பெண். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்து பொறுமையாக விளக்கினார். உட்காதில் பழுது. அந்தப் பக்கம் கேட்கும் சக்தி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மிச்சமிருப்பதும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் இருக்க வேண்டிய இடத்திலிருந்து நகர்த்திக் காட்டுகிறது. திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

"என்ன வேலை செய்றீங்க?"

"புறக்கோட்டையில கிளியரிங் ஒஃபிஸில கிளார்க்," என்றேன். அது பொய்யல்ல.

"சனிக்கிழமையில கல்யாண வீட்டுப் பாண்டில பேஸ் வாசிக்கிறார், டொக்டர். ட்ரம்ஸ்காரருக்குப் பக்கத்தில, இடது காதுக்கு நேர அந்தத் தாளத்தட்டு அடிபடும். இருபது வருஷமா," என்றாள் மனைவி. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை முதல்முறையாகக் கூர்ந்து பார்த்தார்.

பாண்டுக்குச் சொல்லும்படி மனைவி அன்றைக்கே சொன்னாள். நான் சொல்லவில்லை. காரணம் இருந்தது. எங்களோடு முன்பு சாக்ஸபோன் வாசித்தவருக்கு முன்பல் இரண்டு விழுந்தபோது, பாண்டை நடத்துகிற எங்கள் பாடகர் போன் எடுத்து, மிக அன்பாக, கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள் என்றார். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை. பாடகர் கெட்ட மனிதரல்ல. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர். ஆனால் கல்யாண வீட்டார் நம்பித் தந்த நாளில் பிழை வரக்கூடாது என்பதில் அவருக்கு இரக்கம் கிடையாது. எனக்கோ வாரத்தில் ஐந்து நாள் மற்றவர்களின் சரக்குக்குப் படிவம் நிரப்புகிற வாழ்க்கை. சனிக்கிழமையையும் எடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கிறது?

ஆகவே மறைத்தேன். இடது காதில் பஞ்சு வைத்து, அது தெரியாமலிருக்க முடியைக் கொஞ்சம் வளர்த்தேன். பச்சை விளக்கு எரிகிற சின்ன ட்யூனரை வைத்து, காதைக் கேட்காமல் கண்ணால் சுருதி சேர்த்தேன். நானாவிடம் மன்னிப்புக் கேட்கவும் போனேன். தேன் நிறப் பேஸை நீர்கொழும்புக்காரர் ஒருவர் கொண்டுபோய்விட்டார். "இப்ப எதுக்கு ஏச வந்தீங்க?" என்றுதான் அவர் கேட்டார். மன்னிப்பைச் சொல்லிவிட்டேன், காரணத்தைச் சொல்லவில்லை. கடைசியில் எனக்குத் தேவையில்லாத ஒரு கேபிளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இவற்றையெல்லாம் விட முக்கியமாக எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மேடையில் ஏதாவது பிழையாகக் கேட்டால், பிழை என்னுடையதுதான். யோசிக்காமல் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்து மாதம் அந்தச் சட்டம் என்னைக் காப்பாற்றியது. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் ட்யூனர் பையில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினேன்.

கொட்டாஞ்சேனைக் கல்யாணம் மத்தியானச் சாப்பாட்டுக் கல்யாணம். கொட்டாஞ்சேனை எங்கள் கிற்றார்காரனின் இடம், அவன் பூசைக்குப் போகிற கோயிலும் அங்கேதான். அவனும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் அருகருகே உட்கார்ந்தவர்கள். மண்டபத்தில் பாதிப் பேர் அவனுடைய தெருக்காரர். அவன் குடித்து மதிலோரம் விழுந்து கிடந்த காலத்தையும் பார்த்தவர்கள், குடியை விட்ட பிறகு இரண்டு வருடமாக ஞாயிறு பூசையில் முன் வாங்கில் இருப்பதையும் பார்த்தவர்கள். அவன் மனைவி மூன்றாம் மேசையில், மணமகளின் சித்திமாரோடு இருந்தாள்.

எங்கள் கீபோர்ட்காரர் வங்கியில் வேலை செய்பவர். காலையில் கோயிலில் கல்யாணப் பூசைக்கும் அவர்தான் வாசித்தார். பூசை முடிந்ததும் அதே கீபோர்டைத் தூக்கி த்ரீவீலரில் போட்டுக்கொண்டு நேரே மண்டபத்துக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே நடந்து வந்தபோதும் கேக் வெட்டியபோதும் அவர் தனியாகத்தான் வாசித்தார். பாண்ட் முழுவதுமாகச் சேர்ந்து வாசிக்கிற முதல் பாட்டு, மணமக்கள் தனியே ஆடுகிற வால்ட்ஸ். மண்டபத்தில் எல்லோரும் கதையை நிறுத்திவிட்டு அந்த இரண்டு பேரையே பார்க்கிற நேரம் அது. எங்கள் தொழிலில் அதைவிடப் பயமான நேரம் கிடையாது.

கீபோர்ட் நாலு சுற்று முன்வாசிப்பு வாசித்தது. மணமகன் பெண்ணின் இடுப்பில் கை வைத்தான். ட்ரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கினார். நானும் கிற்றார்காரனும் உள்ளே நுழைந்தோம். பாடகர் வாயைத் திறந்தார்.

மண்டபமே புளித்தது.

இரண்டு ரேடியோவை ஒரே நேரத்தில் வைத்தது போல ஒரு சத்தம். முன் மேசையில் ஒரு கிழவர் முகத்தைச் சுளித்தது தெரிந்தது. மணமகள் காலை எடுத்து வைக்காமல் நின்றாள். பஞ்சு வைக்காத என் வலது காது, கிற்றாரும் நீயும் ஒன்றாகத்தான் இருக்கிறீர்கள், பிழை அந்தப் பக்கம் என்று சொன்னது. தெளிவாகச் சொன்னது. நான் அதை நம்பவில்லை. நான் போட்ட சட்டம் முந்திக்கொண்டது. பேஸின் கழுத்தில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் குறுக்கே பதித்திருக்கிற உலோகக் கம்பிக்கு ஃபிரெட் என்று பெயர். நான் என் கையை ஒரு ஃபிரெட் மேலே நகர்த்தினேன்.

உடனே கீபோர்டும் பாடகரும் நானும் ஒன்றாகிவிட்டோம். கிற்றார் மட்டும் தனித்துப்போய், தகரத்தைச் சுரண்டுவது போலக் கேட்டது. பாடகர் பாடியபடியே திரும்பி அவனை முறைத்தார். அவன் என் கையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். கம்பிகளிலிருந்து கையை எடுத்துவிட்டான். பாட்டு முடியும்வரை, தன் தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கிற்றாரைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றான்.

பாட்டு முடிந்தது. மணமக்களுக்குக் கைதட்டல் கிடைத்தது. பாடகர் மைக்கைப் பிடித்து, சபையைச் சிரிக்கவைத்துச் சமாளிக்கிற தன் வழக்கப்படி சொன்னார்:

"எங்கட கிற்றார்காரர் சாப்பாட்டுக்கு முந்தியே ஒரு கிளாஸ் போட்டிட்டார் போல. மன்னிச்சுக்கொள்ளுங்க!"

மண்டபம் சிரித்தது. மூன்றாம் மேசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கதிரையிலிருந்து பாதி எழுந்து கணவனின் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்து, சுருதி ஏற்கெனவே சரியாக இருந்த பேஸை மறுபடி சுருதி சேர்த்தேன். அடுத்த பாட்டுக்கு முன்னால் கீபோர்ட்காரர் ஏதோ ஒரு பட்டனை அவசரமாக அமத்துவதையும் கண்டேன். அவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாம் சரியாகப் போனது. சனம் பைலாப் பாட்டுக்கு எழுந்து ஆடியது. அப்படிச் சரியாகப் போனதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் மண்டபத்துக்குப் பின்னால், கோப்பை கழுவுகிற இடத்தில் கிற்றார்காரன் என்னைப் பிடித்தான்.

"கீபோர்ட் பிழைச்சது எனக்குத் தெரியும். கோயில்ல சுருதியை ஒண்டு கூட்டி வைச்சிட்டு எடுக்க மறந்திருப்பார். அது ஒரு பட்டன்தான். நீ ஏன் மச்சான் அங்க போனாய்?"

பதில் சொல்லப் பல பொய்கள் இருந்தன. பாடகரோடு நிற்க வேண்டும் என்று போனேன், சபைக்காகப் போனேன், எதையாவது சொல்லியிருக்கலாம். அவன் கண்ணைப் பார்த்ததும் உண்மைதான் வந்தது.

"எனக்கு இடது காது பழுது. ஸ்வரம் பிழையாக் கேக்குது. நான்தான் பிழை எண்டு நினைச்சன்."

"எவ்வளவு நாளா?"

"அஞ்சு மாசம்."

அவன் ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், அது எனக்கு எளிது. அவன் குரலைத் தாழ்த்தித்தான் கதைத்தான்.

"என்ர மனுசி இப்ப என்னைக் கூட்டிக்கொண்டு போய், அந்த வாசல்ல வைச்சு என்ர வாயை மோந்து பாத்தாள். தெரியுமா உனக்கு? ரெண்டு வருஷத்துக்குப் பிறகு."

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சிநேகிதம். எனக்கு ஒரு நொடி பயம் வந்ததற்கு அவன் குடியை விட்ட இரண்டு வருடத்தை விலையாகக் கொடுத்திருந்தான். அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களிடம் சொல்லு என்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

பாண்டுக்குப் போட்டிருந்த மேசையில் பாடகரும் கீபோர்ட்காரரும் ட்ரம்ஸ்காரரும் புரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இருக்காமல் நின்றபடியே சொன்னேன். காது, ஆஸ்பத்திரி, பஞ்சு எல்லாவற்றையும் சொன்னேன். கிற்றார் சரி, நான்தான் பிழை என்றேன். கீபோர்ட்காரர் கரண்டியை வைத்துவிட்டார்.

"முதல் பிழை என்ர. கோயில்ல கொயர் பாடுறதுக்காகச் சுருதியை ஒண்டு கூட்டினனான். எடுக்க மறந்திட்டன். சொல்லப் பயமா இருந்தது."

பாடகர் அவரைப் பார்க்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"எந்தக் காது மல்லி?" தம்பி என்பதற்கு அவர் சிங்களத்தில் மல்லி என்பார்.

"இடது."

அவர் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து என் வலது பக்கமாக நின்றார். நல்ல காதுக்கு நேராக, மெதுவாக, ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்க வேண்டும் என்பது போலக் கேட்டார்:

"அடுத்த கிழமைக்கு வேற ஆளைப் பாக்கவா?"

அவ்வளவு கனிவாக யாரும் என் கழுத்தை நெரித்ததில்லை.

"பாக்காதீங்க அண்ணே. நான் வாறன். பிழைச்சா அங்கயே நிப்பாட்டுங்க."

அவர் யோசித்தார். ட்ரம்ஸ்காரர் கோழி எலும்பை விட்டுவிட்டு, "கை இன்னும் தாளத்துக்குத்தானே விழுது," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பாடகர் கீபோர்ட்காரர் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீர் இடது கையால பேஸையும் வாசியும். அவர் வாசிக்கிறதை வாசிக்கட்டும். ரெண்டும் போகட்டும்."

சரி என்றேன். நான் நின்ற இடத்தில், எனக்குக் கீழே, ஒரு வங்கிக்காரரின் இடது கை. ஆனாலும் சரி என்றேன், ஏனென்றால் இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

"இன்னொண்டு அண்ணே. மைக் வேணும்."

"உமக்கா? எதுக்கு?"

இருபது வருடத்தில் நான் மைக்கில் ஒரு சொல் பேசியதில்லை. பாடகர் கல்யாண வீட்டில் இதெல்லாம் எதற்கு என்றார், சனம் மறந்திருக்கும் என்றார். நான் அவருக்கு முன்னே நடந்து மேடைக்குப் போய்விட்டேன். சாப்பிட்டு முடித்த சனம் கதிரைகளை இழுத்துக்கொண்டிருந்தது. மைக்கைத் தட்டினேன். தலைகள் திரும்பின. மூன்றாம் மேசையை மட்டும் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"முதல் வால்ட்ஸில பிழை விட்டது கிற்றார் இல்ல. நான். எனக்கு ஒரு காது பழுதாப் போச்சு, அதை மறைச்சு வாசிச்சனான். கிற்றார் வாசிச்சது சரி. அவர் குடிக்கேல்ல. பொண்ணும் மாப்பிள்ளையும் மன்னிக்கோணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. மணமகளின் தகப்பன் என்ன செய்வது என்று தெரியாமல் கையைக் கொஞ்சம் உயர்த்தி, சரி சரி என்பது போல அசைத்தார். கிற்றார்காரனின் மனைவி மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவன் மேடை ஏறி, கிற்றாரை மாட்டி, எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். பாட்டு தொடங்கும் நேரத்தில் மட்டும் பாதி திரும்பி, தன் இடது கை எனக்குத் தெரியும்படி உடம்பை வைத்துக்கொண்டான். அந்த மத்தியானம் முழுவதும் அவனுடைய விரல்களைப் பார்த்துத்தான் நான் வாசித்தேன்.

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். மூன்று பேஸை விற்றுவிட்டேன். ஒரு சுவர் மனைவிக்குப் போய்விட்டது. கிற்றார்காரன் அந்த நாளைப் பற்றி மறுபடி கதைத்ததில்லை, ஆனால் எந்த மேடையிலும் எனக்கு வலது பக்கமாகவே நிற்கிறான். எனக்குக் கீழே கீபோர்ட்காரரின் இடது கை அதே ஸ்வரங்களை வாசிக்கிறது. என் கை சில வேளை தவறுகிறது, ஒருவரும் முறைப்பதில்லை, சனம் ஆடிக்கொண்டே இருக்கிறது. எங்கள் இரண்டு பேரில் யாருடைய சத்தம் ஸ்பீக்கரால் வெளியே போகிறது என்று நான் கேட்டதில்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பாடகரின் காலடியில் இருக்கிறது. அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை.